விண்வெளியில் டோக்கன் கிடையாது

பத்து நாளைக்கு முன்னால், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மூன்றாவது லைனை முப்பத்தைந்து நிமிடம் ஓடவிடாமல் நிறுத்தி வைத்தேன்.

நானேதான். கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை, மெயின் ஸ்விட்சில் கை வைக்கவில்லை. பாத்ரூம் போனேன்... அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தில் தொடர்ந்து மூன்று வாரம் விண்வெளி நிலையங்களைப் பற்றி எழுதினேன் அல்லவா? பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வீட்டில் எப்படித் தூங்குகிறார்கள், எப்படிப் பல் தேய்க்கிறார்கள் என்றெல்லாம்? அத்தனையும் படித்துத் தெரிந்துகொண்டதுதான். சொந்த அனுபவம் என்று பார்த்தால், ஃபேன் துடைக்க ஸ்டூல் மேல் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். ஆனால் உங்களில் பலர் என்னை விண்வெளி நிபுணர் என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். ராக்கெட்டில் போனால் மூட்டு வலி குறையுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மூட்டு வலி பற்றித் தெரியாது அம்மா, முதுகு வலி வரும் என்கிறார்கள். பார்த்துப் போங்கள்.

அந்தப் புகழில் நான் மிதந்துகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. பேசியவர் அந்தத் தொழிற்சாலையின் ஹெச்.ஆர். மேனேஜர். பெயர் வேண்டாம்... பாவம், பிள்ளைகுட்டிக்காரர்.

"மேடம், உங்க ஸ்பேஸ் ஸ்டேஷன் கட்டுரை மூணையும் கட் பண்ணி எங்க நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கேன். எங்க லேடீஸுக்கு வந்து ஒரு மோட்டிவேஷன் ஸ்பீச் குடுக்கணும் மேடம்."

நோட்டீஸ் போர்டில் ஒட்டினார் என்றதும் எனக்குக் கால் தரையில் இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் இருக்கும் திருவள்ளூருக்கே கார் அனுப்பினார். பெரியபாளையத்தில் ஒரு டீ. கவரைப்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டதில் இன்னொரு டீ. தொழிற்சாலை வாசலில் இறங்கியதும் ஸ்ட்ரா போட்ட இளநீர். உபசாரத்தில் குறையே சொல்ல முடியாது.

கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகத் தயாரிக்கும் கம்பெனி அது. நீளமான மேஜையின் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நின்று வேலை செய்வார்கள். அதற்குத்தான் லைன் என்று பெயர். அன்று என் பேச்சைக் கேட்க வேண்டிய துரதிர்ஷ்டம் மூன்றாவது லைனுக்கு வாய்த்திருந்தது. காலை ஷிஃப்டு முடித்தவர்களும், மதிய ஷிஃப்டுக்கு வந்தவர்களும் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே போகுமுன் ஹெச்.ஆர். என்னைத் தனியாக ஓரங்கட்டினார். "ஒரு சின்ன ரிக்வெஸ்ட் மேடம். எவ்ளோ சின்ன எடத்துல, எவ்ளோ கஷ்டத்துல, ஒரு கம்ப்ளெயின்ட் கூட இல்லாம அவங்க வேலை செய்யறாங்கங்கிறத மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? மைக்கைப் பார்த்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

அழுத்தித்தான் சொன்னேன். சுவரில் கட்டிய பைக்குள் நுழைந்து தூங்குவதைச் சொன்னேன். மாதக்கணக்கில் குளியல் இல்லை, ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி என்று சொன்னேன். ஐந்து நிமிடத்துக்கு ஐந்து நிமிடம் இன்ன வேலை என்று டைம்டேபிள் போட்டிருப்பார்கள், திரையில் ஒரு சிவப்புக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்குப் பின்தங்கக் கூடாது என்றும் சொன்னேன். ஹெச்.ஆர். முகத்தைப் பார்க்க வேண்டுமே... பெண்ணுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்த தகப்பனார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இதுவரை அரசாங்கங்கள் நடத்தின. இனிமேல் தனியார் கம்பெனிகளும் சொந்தமாக விண்வெளி நிலையம் கட்டப்போகிறார்கள்" என்றேன்.

"பிரைவேட்னா பன்னெண்டு மணி நேர ஷிஃப்டா மேடம்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். கேன்டீனே சிரித்தது. ஹெச்.ஆர். மட்டும் யார் என்று திரும்பிப் பார்த்தார்.

கேள்வி நேரம் வந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்தார். நீலக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி. பெயர் தேவி, ஊர் கவரைப்பேட்டைக்குப் பக்கம், மதிய ஷிஃப்டு என்று மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார்.

"மேடம், அங்க ஒண்ணுக்கு வந்தா இன்னா பண்ணுவாங்க?"

சிரிப்பு. "தேவி... டீசன்டா கேளும்மா" என்றார் ஹெச்.ஆர்.

"வர்றது வர்றதுதான சார்? அதுல இன்னா டீசன்டு?"

எனக்குப் பிடித்த சப்ஜெக்ட். விடுவேனா? அங்கே எல்லாமே மிதக்கும், அதனால் குழாய் வைத்துக் காற்றால் உறிஞ்சிக்கொள்வார்கள், அதையே சுத்தம் பண்ணித் திரும்பக் குடிதண்ணீர் ஆக்குவார்கள் என்று விளக்கினேன். மொத்தக் கேன்டீனும் "அய்ய்ய!" என்றது.

தேவி உட்காரவில்லை. "அது கெடக்கட்டும் மேடம். யாரைக் கேட்டுக்கினு போவாங்க?"

எனக்குப் புரியவில்லை. "யாரைக் கேட்பார்கள்? வந்தால் போவார்கள்" என்றேன்.

"டோக்கன் கெடயாதா?"

"என்ன டோக்கன்?"

ஹெச்.ஆர். நாற்காலியில் நெளிந்தார். தேவி சொன்னார்: "எங்க லைன்ல முப்பத்தி நாலு பேரு மேடம். சூப்பர்வைசர் டேபிளாண்ட ஒரு ஆணி கீது. அதுல ஒரு நீல அட்டை தொங்கும். அத்த எட்த்துக்கினு போனாதான் பாத்ரூம். போனவ திரும்பி வந்து மாட்டுனாதான் அடுத்தவ போலாம். இருக்கிறதே ரெண்டு பாத்ரூம். அதுல ஒண்ணுல அட்டப்பொட்டி அடுக்கி வச்சிக்கிறாங்க. இதுக்கு பயந்துக்கினே நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்ல. ஊட்ல ஒரு டம்ளர் குட்சிட்டு வந்தா, வேலை முடிஞ்சி ஊட்டுக்குப் போயிதான் அடுத்த டம்ளர்."

பிறகு குரல் இறங்கியது.

"இப்ப எனக்கு கிட்னில கல்லு. தெனம் மூணு லிட்டர் தண்ணி குடி, இன்னொரு தபா வலின்னு வந்தா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு லிட்டர் குட்சா எத்தினி தபா போவணும்? டோக்கனுக்கு நான் எங்க போவேன்? ஒரே பேஜாரா கீது மேடம்."

ஹெச்.ஆர். எழுந்துவிட்டார். "தேவி, இது ஸ்பேஸ் ப்ரோக்ராம். இதுல போயி இதெல்லாம் பேசலாமா? மேடமே சொன்னாங்க இல்ல, அங்க அஞ்சு நிமிஷத்துக்கு அஞ்சு நிமிஷம் டைம்டேபிள்னு? அவங்கள்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கல?"

அறுபத்து எட்டுப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

ஓஹோ... இதற்குத்தான் காரும் இளநீருமா? நான் ரசித்து ரசித்து எழுதிய மூன்று கட்டுரையும் இந்தப் பெண்களின் வாயை அடைக்கத்தான் அந்த போர்டில் தொங்குகிறதா? எனக்குக் கோபம் வந்தது. பாதி அவர் மேல், பாதி என் மேல். வெட்கமாகவும் இருந்தது, மறைப்பானேன்?

மைக்கைத் திரும்ப வாங்கினேன்.

"சார், டைம்டேபிள் உண்மைதான். ஆனால் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மேலே போகிறவர்களுக்கும் கிட்னியில் கல் வரும் ஆபத்து அதிகம். அங்கே எடை இல்லாததால் எலும்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கரைந்து சிறுநீரில் சேரும். அதனால் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று பூமியிலிருந்து டாக்டர்கள் நச்சரித்துக்கொண்டே இருப்பார்கள்."

"அவங்களுக்குமா?" என்றார் தேவி. தனக்குத் துணையாக ஆகாயத்தில் ஆள் கிடைத்ததில் அவருக்கு அப்படி ஒரு ஆச்சரியம்.

"அவங்களுக்கும்தான். அங்கே பாத்ரூம் ரிப்பேர் ஆனால், மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைத்தான் சரி பண்ணுவார்கள். கீழே இருக்கும் இன்ஜினியர்கள் வழி சொல்வார்கள். மேலே இருப்பவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு பிரித்துப் போடுவார்கள். கமாண்டர் கூடத்தான்."

"கமாண்டர்னா... பெரிய ஆபீசரா?"

"இருப்பதிலேயே பெரியவர். வாரம் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து துடைத்துக் கழுவும்போதும் அவருக்குப் பங்கு உண்டு."

அத்தனை தலையும் ஒரே நேரத்தில் ஹெச்.ஆர். பக்கம் திரும்பியது. அவர் வாட்ச்சைப் பார்த்தார்.

"டைம் ஆயிடுச்சி... அடுத்ததா மேடத்துக்குப் பொன்னாடை!" என்று அவசரமாக அறிவித்தார்.

அந்த நேரம் பார்த்து, இரண்டு டீயும் ஓர் இளநீரும் தங்கள் வேலையைக் காட்டின.

"ஒரு நிமிஷம் சார். பாத்ரூம் போகணும்."

"வாங்க மேடம், ஆபீஸ் பக்கம் நம்ம எக்ஸிக்யூட்டிவ் டாய்லெட் இருக்கு. ஏ.சி. போட்டது."

"வேண்டாம் சார். நான் டோக்கன் எடுத்துக்கறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், குறும்பாகத்தான் சொன்னேன். ஆனால் கேன்டீனில் எழுந்த கைதட்டலைக் கேட்டபிறகு எப்படிப் பின்வாங்குவது? தேவி என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

ஆணியில் டோக்கன் இல்லை. பஸ் ஏறுமுன் போய்விடலாம் என்று காலை ஷிஃப்டுக்காரர்கள் எங்களை முந்திவிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒன்பது பேர். "நீங்க போங்க மேடம்" என்று வழிவிட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். வீராப்பு! பாத்ரூமோ ஸ்டோருக்குப் பின்னால், கட்டடத்தின் இன்னொரு கோடியில். ஒருவர் போய்த் திரும்புவதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆனது. ராக்கெட்டில் கிளம்பும் நாளில் விண்வெளி வீரர்கள் டயப்பர் கட்டிக்கொள்வார்கள். அதைக் கிண்டல் பண்ணி ஒரு பாரா எழுதியிருக்கிறேன். அந்தப் பாராவுக்காக அங்கே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மனதார மன்னிப்புக் கேட்டேன்.

கையில் பொன்னாடையோடு ஹெச்.ஆர். ஓடி வந்தார். சீஃப் கெஸ்ட்டுக்குப் பொன்னாடை போடாமல் நன்றியுரை இல்லை. நன்றியுரை இல்லாமல் தேசிய கீதம் இல்லை. தேசிய கீதம் பாடாமல் மதிய ஷிஃப்டு எப்படி லைனுக்குப் போகும்? லைன் அப்படியே நின்றது.

அவருடைய போன் அடித்தது. முதலாளி. இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"சார்... ஆமா சார், லைன் த்ரீ இன்னும் ஸ்டார்ட் ஆகல சார்... சீஃப் கெஸ்ட் பாத்ரூம் போகணும்னாங்க சார்... இல்ல சார், இன்னும் போகல, க்யூல நிக்கிறாங்க... டோக்கன் வரல சார்..." பிறகு மெல்லிய குரலில், "டோக்கன் நீங்கதான சார் போடச் சொன்னீங்க..."

போனை வைத்தார். சட்டை நனைந்திருந்தது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இவருக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார் என்பது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

"காலைல எட்டு மணிக்கு வந்தேன் மேடம்" என்றார் என்னிடம் மட்டும். "ஒரே மீட்டிங். நானே இன்னும் போகல."

தேவிக்குக் காது கூர்மை. "உங்களுக்குத்தான் டோக்கன் கெடயாதே சார், போய்ட்டு வாங்களேன்!"

வரிசையே வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்த கையோடு பொன்னாடையைத் தேவியிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் பக்கம் வேகமாக நடந்தார்.

கடைசியில் நீல அட்டை என் கைக்கு வந்தது. போனேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தேவி வெளியே நின்று பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் அந்த வாசலிலேயே பொன்னாடை போர்த்திப் போட்டோவும் எடுத்துவிட்டார்கள். எத்தனையோ மேடையில் பொன்னாடை வாங்கியிருக்கிறேன், இப்படி ஒரு நிம்மதியோடு வாங்கியதில்லை.

ஆனால் காரில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்விடுவேன், நாளைக்கு அந்தப் பெண்ணை என்ன பாடு படுத்துவார்களோ என்று பயமாக இருந்தது. நாலைந்து நாள் அதே நினைப்பு.

நேற்று முன்தினம் தேவியே கூப்பிட்டார். டீ பிரேக்கில் பேசுகிறாராம். 'மேடம்' போய் 'அக்கா' ஆகியிருந்தேன்.

"யக்கா, அட்டப்பொட்டி அல்லாத்தியும் காலி பண்ணிட்டாங்க. ரெண்டாவது பாத்ரூம் தொறந்தாச்சி. தாப்பா போட்டாச்சி. டோக்கன் மாட்டுற ஆணியைக் கூடப் புடுங்கிட்டாங்க! ஹெச்.ஆர். சாரு நோட்டீஸ் போர்டுல உங்க போட்டோவப் போட்டு, 'விண்வெளி நிலையத்துக்கு இணையான கழிப்பறை வசதி'ன்னு எழுதிக்கிறாரு."

எழுதிக்கொள்ளட்டும். முதலாளியிடம் அவர் என்ன பேசினாரோ, எப்படிப் பேசினாரோ... பேர் அவருக்கே போகட்டும்.

"அதெல்லாம் இருக்கட்டும் தேவி, தண்ணி குடிக்கறீங்களா?"

"இருங்க யக்கா" என்றார். பாட்டில் மூடி திறக்கும் சத்தம். பிறகு மடக் மடக்கென்று ஒரு பெண் தண்ணீர் குடிக்கும் சத்தம், ஒரு முழு பாட்டிலுக்கு. போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைசி மடக்குவரை கேட்டேன்.

ஆகவே நண்பர்களே... உங்கள் ஆபீஸிலும் யாராவது வந்து "விண்வெளி வீரர்களைப் பாருங்கள்!" என்று மோட்டிவேஷன் கொடுத்தால், பாதியில் நழுவாதீர்கள். கேள்வி நேரம்வரை உட்கார்ந்திருந்து கையைத் தூக்குங்கள்!