கால்சட்டைக்குள் ஒரு கைலி

போன வாரம் குடியிருப்புத் தாளைப் புதுப்பிக்க, இங்கே பர்மாவில் கியாக்டடா வட்டாரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மழை இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று ஒரு வாரமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருக்கிற புழுக்கம். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பர்மிய அதிகாரிக்கு என் மகன் வயது இருக்கும். "உட்காருங்க ஊலே" என்று மாமா முறை வைத்து மரியாதையாகச் சொன்னார். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். சின்ன வயதில் யார் வீட்டில் வளர்ந்தீர்கள் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

கேட்ட கையோடு எழுந்து நின்று கைலி முடிச்சை அவிழ்த்தார். துணியை இரண்டு கையாலும் முன்னால் இழுத்து, உள்ளே காற்றுப் போக இரண்டு விசிறு விசிறினார், சுருட்டி முடிந்தார், உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய அரசாங்க அலுவலகத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கப்போகிறார்கள்? அங்கே எல்லோரும் கைலிதான். நானும் கைலிதான்.

எனக்கு மட்டும் அந்த இரண்டு விசிறலில் காது மடல் சூடாகிவிட்டது.  இதே கேள்வியை இதே ஊரில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அன்றைக்கு நான் சொன்ன பதிலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறோ இருபத்தேழோ, சரியாக நினைவில்லை. ஸ்ட்ராண்டு ரோட்டில் ஸ்காட்லாந்துக்காரர்களின் அரிசிக் கம்பெனி ஒன்றில் நான் குமாஸ்தா. வெள்ளைக் கால்சட்டை, மூடு கோட்டு, கழுத்தை நெரிக்கும் காலர். சித்திரை, வைகாசியில் அந்த வேஷத்தோடு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முழங்காலுக்குப் பின்னால் வேர்க்குரு, இடுப்பைச் சுற்றி வேர்க்குரு, சொல்லக் கூடாத இடத்திலும் வேர்க்குரு. பேரேட்டைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டு மேசைக்கு அடியில் சொறிந்துகொள்வேன். இருந்தாலும் அந்தக் கால்சட்டை மீது எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா! மாலை டிராமில் ஏறினால் மடிப்புக் கலையக் கூடாதென்று தாமுவே வரைக்கும் நின்றுகொண்டே போவேன்.

தாமுவேயில் இருந்தது அக்கா வீடு. ஒரே காய்ச்சலில் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, ஒன்பது வயதில் அங்கே வந்து சேர்ந்தவன் நான். அத்தான் சவரிமுத்து போட்டாதாங் ஜெட்டியில், அதாவது கப்பல்துறையில், மூட்டை தூக்கியவர், பிறகு மேஸ்திரி ஆனவர். பர்மாவுக்கு வந்த நாளிலிருந்து கைலியைத் தவிர வேறெதுவும் கட்டி நான் பார்த்ததில்லை. என்னைப் பாதிரியார் பள்ளியில் சேர்த்தது அவர். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பூட்ஸ் நனையக் கூடாதென்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடப் படியில் இறக்கிவிட்டுத்தான் ஜெட்டிக்குப் போவார். அந்தத் தோள் அதற்கப்புறம் நாள் முழுக்க மூட்டை சுமக்க வேண்டும். நான் அப்போது அதை யோசித்ததே இல்லை.

கம்பெனியில் ஒரு சின்ன துரை இருந்தார். வந்து ஆறு மாதம்தான், இருபத்திரண்டு வயது, வெயிலில் இரண்டு நிமிஷம் நின்றால் முகம் தக்காளி ஆகிவிடும். சீமையிலிருந்து கம்பெனியின் தலைவர் வருகிறார், வைகாசியில் விருந்து, துரைமார் எல்லோரும் அவர்கள் ஊர் வழக்கப்படி கில்ட் உடுத்தி ஆட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்தக் கில்ட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆண்கள் கட்டுகிற பாவாடை மாதிரி, கட்டம் போட்ட முரட்டுக் கம்பளி, முழங்கால் வரைக்கும்தான், ஆனால் பின்பக்கம் முழுக்கக் கொசுவம் வைத்து எட்டு கஜம் பிடிக்கும். நான் வீட்டில் சொன்னபோது அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "என் கல்யாணப் புடவையே அவ்வளவு இல்லையேடா! அதுவும் கம்பளியா? இந்த வேக்காட்டுலயா?"

ஒத்திகையிலேயே சின்ன துரை பாதி ஆட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தொடையெல்லாம் உரசிப் புண். தலைவர் முன்னால் இப்படி உட்கார்ந்தால் அடுத்த கப்பலில் ஊருக்குத்தான் என்று மேனேஜர் துரை எல்லோர் காதிலும் விழச் சொன்னார். ஊரில் அவர் சம்பளத்தை எதிர்பார்த்து விதவைத் தாயும் இரண்டு தங்கைகளும் இருப்பதாகக் கேள்வி.

மறுநாள் அவர் என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். கீழே நம் ஆட்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். "அவங்களும் எங்க கில்ட் மாதிரி ஒண்ணைத்தானே கட்டியிருக்காங்க? எப்படி ஓடுறாங்க பாருங்க. இந்தச் சூட்டுல அதை எப்படிக் கட்டணும்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க வீட்ல யாராவது கட்டுவாங்களா?" என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். ஒரு குமாஸ்தாவிடம் ஒரு துரை அப்படி வாய்விட்டுக் கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை.

முந்தின ராத்திரி நான் கைலி கட்டிக்கொண்டுதான் தூங்கினேன். அவரிடம் சொன்னது என்ன தெரியுமா? "அது கூலிக்காரர்கள் உடை, சார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை."

துரை தலையாட்டிவிட்டுக் காலை அகட்டி அகட்டி நடந்து போனார். எனக்கு அப்போது வெட்கமாகக்கூட இல்லை. நன்றாகச் சமாளித்தோம் என்று சந்தோஷப்பட்டேன், கழுதை!

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, நானும் அத்தானும் கைலியும் வெறும் மேலுமாக வாசற்பலகையில் உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மீன் குழம்பின் ஆவி முகத்தில் அடிக்க, வேர்க்க வேர்க்கச் சாப்பிடுவதில் ஒரு ருசி உண்டு. எதிர்வீட்டுப் பெண் "துரை வர்றாரு! துரை!" என்று கத்தினாள். பார்த்தால் தெருமுனையில் சின்ன துரை. கூட்டாளிகளின் கிண்டலுக்குப் பயந்து அவர் கில்ட்டுப் பெட்டியை அலுவலகப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். பீரோச் சாவி சனிக்கிழமை என் சட்டைப்பையிலேயே வந்துவிட்டிருந்தது. அன்றைக்கு ஒத்திகையாம்.

எடுத்தேன் ஓட்டம். கைலியை அவிழ்க்க நேரமில்லை. அதன் மேலேயே கால்சட்டையை ஏற்றிப் பொத்தானைப் போட்டேன். வயிற்றைச் சுற்றி ஒரு மூட்டை, தொடையில் ஒரு மூட்டை. சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியோடு ஒரு கனவானைப் போல வெளியே வந்தேன். அத்தான் மடித்துக் கட்டியிருந்த கைலியை மரியாதைக்கு இறக்கிவிட்டு, துரைக்கு நாற்காலி போட்டு நின்றுகொண்டிருந்தார். துரை அவருடைய கைலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

குடும்பத்தில் யாரும் கட்டுவதில்லை என்று சொல்லியாயிற்றே. "வீட்டு வேலைக்காரர், சார்" என்றேன்.

ஜெட்டியில் இருபது வருஷம் கப்பல்காரர்களோடு மல்லுக்கட்டிய அத்தானுக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். அது எனக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை கீழே என் காலுக்குப் போயிற்று. கால்சட்டையின் கீழ் விளிம்பில் பச்சைக் கட்டம் போட்ட கைலி நாலு விரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தான் சட்டென்று எனக்கும் துரைக்கும் நடுவில் வந்து என் காலை மறைத்தாற்போல் நின்றார். "ஐயா, துரைக்குத் தண்ணி கொண்டாரட்டுங்களா?" என்றார்.

ஐயா என்றது என்னைத்தான். அடுப்படியில் அக்காவின் கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழுந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. துரையின் நடையைப் பார்த்ததுமே அத்தானுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "ஐயா, துரைக்குத் தொடையில புண்ணு. உள்ள என்ன போடுறாருன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். துரை முகம் இன்னும் சிவந்தது. ஆடும்போது பெண்கள் எதிரே இருப்பார்களே என்று உள்ளே கம்பளிக் கால்சராய் போட்டுக்கொண்டாராம். "அட கர்த்தரே! கம்பளிக்குள்ள கம்பளியா!" என்று அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார், நான் மொழிபெயர்த்தேன். பழைய கைலித்துணியில் மெல்லிசாக ஒரு கோவணம், அவ்வளவுதான் உள்ளே. இடுப்புப் பட்டைக்கு அடியில் அதே துணியை நாலாய் மடித்து ஒரு சுற்று, அப்போது கம்பளி தோலைத் தொடாது. வாரை ஒரு ஓட்டை தளர்த்த வேண்டும். தொடைக்கு, பர்மியர்கள் சந்தனம் போல முகத்தில் பூசுகிற தனாக்காக் கட்டையை அரைத்துப் பூசிக் காயவிட்டு அப்புறம்தான் உடுத்த வேண்டும். கொசுவத்தை அமுக்கி உட்காரக் கூடாது. ஆட்டம் நின்றதும் ஓரமாகப் போய்ப் பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு விசிறு விசிற வேண்டும். கோவணத்துக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாமல் நான் தடுமாறியதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. துரை எல்லாவற்றையும் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டு, விருந்தன்றைக்கு உங்கள் ஆளைக் கூட்டிவந்து எனக்கு உடுத்திவிட முடியுமா என்று என்னிடம் கேட்டார். அத்தானைக் கேட்கவில்லை. வேலைக்காரரை எதற்குக் கேட்க வேண்டும்?

அவர் போனதும் அக்கா வெளியே வந்தாள். "சோறு எடுத்து வச்சிருக்கேன். வேலைக்காரர் வீட்டுச் சோறு. தொரைக்கு இறங்குமா?" என்றாள். "விடு ஞானம். பிள்ளை உத்தியோகத்துல இருக்கான், அவனுக்கு என்ன சங்கடமோ" என்றார் அத்தான். அவர் என்னை ஓர் அறை விட்டிருக்கலாம்.

விருந்தன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அத்தான் வந்தார். சாயங்காலம் துரையின் அறையில் மண்டியிட்டு உட்கார்ந்து, தனாக்காப் பூசி, துணி மடித்து, வார் போட்டு, எட்டு கஜக் கொசுவத்தையும் ஒவ்வொன்றாக நீவிவிட்டார். துரை இரண்டு முறை குதித்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. குனிந்து அத்தானிடம், "இந்தக் குமாஸ்தா பாபுகிட்ட எத்தனை வருஷமா வேலை செய்யறே?" என்று கேட்டார்.

அத்தான் தலை நிமிராமல் தன் ஜெட்டி இங்கிலீஷில் பதில் சொன்னார். "அவருக்கு ஒன்பது வயசு சார், அப்போலேருந்து. மழை பெஞ்சா நான்தான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போவேன்."

துரை என் பக்கம் திரும்பி, "இப்படி ஒரு வேலைக்காரன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

"யெஸ், சார்" என்றேன்.

சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அந்தத் துரை நல்ல மனிதர், ஒன்றும் செய்திருக்க மாட்டார்.  விருந்தில் குமாஸ்தா என்று எனக்கு வராந்தாவில் நாற்காலி கிடைத்தது. அத்தானுக்கு அடுக்களைக்குப் பின்னால் பட்லர்களோடு தரையில் இலை. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரப் பத்தடிதான் நடக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே சின்ன துரை ஆடியதைப் பார்த்தேன். கடைசிவரைக்கும் ஆடினார். நடுவில் ஒரு முறை தூணுக்குப் பின்னால் போய் இரண்டு விசிறு விசிறிக்கொண்டதைக்கூடப் பார்த்தேன். அவர் வேலை தப்பியது.

டிராமில் வரும்போது அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சீமைக் கம்பளிக்குள்ள போட்டாதாங் கோவணம், மாப்ள! நல்ல பையன்டா, பாவம்." மறுபடியும் மாப்ள என்றுதான் கூப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கண்டக்டர் வந்தார். அப்புறம் இறங்கும் இடம் வந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன். அந்த நாளை, அவர் ஜெட்டியில் மூட்டை சரிந்து விழுந்து ஆறு மாதம் படுத்துக் கண்ணை மூடும்வரை வரவே இல்லை. அக்கா என்னோடு பேசினாள், சோறு போட்டாள், ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவளும் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது.

டிராம் போய்விட்டது. துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். கம்பெனி இருந்த கட்டடத்தில் இப்போது அரசாங்கப் பலகை தொங்குகிறது. உள்ளே கால்சட்டை போட்ட ஆளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மந்திரியே கைலி கட்டிக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறார். எதற்கு வெட்கப்பட்டு நான் அத்தானை வேலைக்காரர் ஆக்கினேனோ, அதை இன்றைக்கு இந்த ஊரே கட்டிக்கொண்டு திரிகிறது.

"ஊலே, அவர் உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேன்" என்றார் அதிகாரி மறுபடியும்.

"என் அக்கா புருஷன். என்னை வளர்த்தவர். ஜெட்டியில் மூட்டை தூக்கி என்னைப் படிக்க வச்சவர்" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி தலை நிமிரவில்லை. "அக்கா புருஷன்னு மட்டும் போட்டாப் போதும்" என்று சொல்லி, எழுதி, முத்திரை குத்தித் தாளைக் கொடுத்தார்.