கேப்டன் யாழினிக்கு லீவு

பயணிகள் படியிறங்கிக் காரில் ஏறியதும் யாழினி காலணியைக் கழற்றிவிட்டு, கேபினுக்குள் மண்டியிட்டு, கம்பளத்தில் சிந்திக் கிடக்கும் பிஸ்தாத் தோல்களைப் பொறுக்கத் தொடங்குவார். பிறகு வாக்குவம் கிளீனர். பிறகு தலையணைகளைத் தட்டி நிமிர்த்தி, எட்டு இருக்கைகளின் வார்களையும் குறுக்காக மடித்துப் போடுவார். சட்டையின் தோளில் நான்கு தங்கப் பட்டைகள். சற்று முன் இடிமேகங்களைச் சுற்றிக்கொண்டு வந்து சுபாங் விமான நிலையத்தில் விமானத்தை இறக்கியவர் அவர்தான். "பிரைவேட் ஜெட்டுனா நாங்கதான் பைலட், நாங்கதான் கிளீனர், காப்பி கலக்குறதும் நாங்கதான் லா," என்பார். குறையாகச் சொல்வதில்லை.

வயது முப்பத்தெட்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அம்மா ராஜேஸ்வரியோடு இருக்கிறார். உறவினர்கள் அவரைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஃப்ரீ டிக்கெட் கெடைக்குமா?" அதெல்லாம் பெரிய விமான நிறுவனத்தில் இருந்தபோது. அங்கே அம்மாவுக்கும் சலுகை உண்டு; இடம் காலியாக இருந்தால் ஏறிக்கொள்ளலாம். ராஜேஸ்வரி ஒருமுறை பெர்த் நகரத்துக்குக் கிளம்பி, விமானங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிப் போக, விமான நிலையத்திலேயே இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். "ஏர்போர்ட்ட நல்லா சுத்திப் பாத்தேன்," என்று அதையும் ஒரு பயணமாகவே இன்றுவரை சொல்வார். கொரோனாவில் அந்த வேலை போயிற்று. பிறகு சுபாங்கில் ஜெட் வாடகைக்கு விடும் சிறிய நிறுவனமொன்று யாழினியைச் சேர்த்துக்கொண்டது.

அந்த நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. மருத்துவக் காப்பீட்டு அட்டையில் பெற்றோரையும் சேர்த்திருந்தது. ராஜேஸ்வரியின் முட்டி அறுவைச் சிகிச்சை அதில்தான் நடந்தது. ஆனால் யாழினிக்கென்று ஒரு நாள் கிடையாது. எப்போது கூப்பிட்டாலும் இரண்டு மணி நேரத்தில் சுபாங்கில் நிற்க வேண்டும். ஈப்போவில் கல்யாணம் என்றால் மொய்க்கவர் மட்டும் போகும்.

அம்மாவின் அறுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கிளாங்கில் ஓர் உணவகத்தில் சொந்தங்களைக் கூட்டியிருந்தார் யாழினி. இலை போட்டுப் பச்சடி வைக்கும்போது அழைப்பு வந்தது. யாரோ ஒரு முதலாளி தன் தாயைப் பிறந்தநாளுக்காக லங்காவித் தீவுக்கு அழைத்துப் போகிறார். யாழினி சாப்பிடாமலே புறப்பட்டார். அந்த முதலாளியுடைய தாயின் கேக் பெட்டியை ஓர் இருக்கையில் வைத்து வார் போட்டுக் கட்டினார். ஒரு கிரீம் பூகூடக் கலையாமல் கொண்டு போய் இறக்கினார். இறங்கும்போது அந்த மூதாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உன் அம்மா எங்கே இருக்கிறார் என்று மலாய் மொழியில் கேட்டார். கிளாங்கில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றார் யாழினி.

அடுத்த மாதம் சஃப்வான் ஊருக்கு வந்தார். பழைய நிறுவனத்தில் கூடப் பறந்தவர். இப்போது ரியாத்தில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் ஜெட்டை ஓட்டுகிறார். அங்கே இன்னொரு கேப்டன் தேவை. சுபாங்கில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு 'மாமாக்' உணவுக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே விளக்கினார்.

"சம்பளத்தப் பாக்காதம்மா, ரோஸ்டரப் பாரு. ஒரு மாசம் பறக்குற, ஒரு மாசம் வீட்ல. வர்றது போறது பிசினஸ் கிளாஸ். தங்குற ஹோட்டல் பாயின்ட்ஸ் எல்லாம் உனக்கு. லீவுல ஒருத்தன் உன்னக் கூப்பிட மாட்டான்."

"அம்மாவுக்கு இன்சூரன்ஸ் இருக்காண்ணே?"

சஃப்வான் மெல்லுவதை நிறுத்தினார். "ஹஸ்பண்ட், பிள்ளைங்களுக்கு இருக்கு. என் வீட்ல எல்லாருக்கும் வந்துருச்சு, அதனால நான் யோசிக்கல."

"எனக்கு அம்மா மட்டுந்தான்."

"கேட்டுப் பாரு, தப்பில்ல."

கேட்டார். ரியாத் குடும்பத்துக்கு, வீட்டு வாடகைப்படி வேண்டாம், அதற்குப் பதில் அம்மாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். குடும்பம் என்றால் கணவரும் பிள்ளைகளும் மட்டுமே என்று பணிவான பதில் வந்தது.

ஒரு காலை, காப்பீட்டு முகவரிடம் யாழினி தொலைபேசியில் பேசியது ராஜேஸ்வரியின் காதில் விழுந்தது. முட்டி ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தனியாக எடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த கார்டுக்காகவா ரியாத் போகாம இங்கயே இருக்க?" என்றார் ராஜேஸ்வரி. "அதான் முட்டி சரியாயிடுச்சே."

"ஒடம்புல முட்டி மட்டுமாம்மா இருக்கு?"

ராஜேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நீ ஒரு மாசம் தூரத்துல இருந்தா நான் சமாளிச்சுக்குவேன் யாழி. இங்க இருந்துக்கிட்டே இல்லாம இருக்கியே, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

மறுநாள் யாழினி மேலாளர் நாராயணன் அறைக்குப் போனார்.

"ரியாத்ல கூப்பிடுறாங்க சார். போக எனக்கு இஷ்டமில்ல. மாசத்துக்கு நாலு நாள் முன்னாடியே குறிச்சுக் குடுங்க. அந்த நாள்ல யாரு பறக்கணும்னாலும் என்னக் கூப்பிடக் கூடாது."

போன மாதம்தான் ஒரு கேப்டன் விலகிப் போயிருந்தார். நாராயணன் நெற்றியைத் தேய்த்தார். "மூணு நாள்?"

"நாலு சார்."

"சரி லா. சேந்தாப்புல கேக்காதே."

"சேந்தாப்புலதான் சார் வேணும்."

நாராயணன் சிரித்துவிட்டு, நான்கு நாட்களையும் சேர்த்தே குறித்துக் கொடுத்தார். சஃப்வான்தான் போனில் அங்கலாய்த்தார்: "பிசினஸ் கிளாஸ விட்டுட்டியேம்மா." யாழினிக்கும் அது நினைவுக்கு வரும், கம்பளத்தைத் துடைக்கும் நாட்களில் கொஞ்சம் கூடுதலாக.

முதல் விடுப்புக்கு அம்மாவும் மகளும் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் காலை ரயிலேறிப் பினாங்குக்குப் புறப்பட்டார்கள். மலைகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டுமென்று ராஜேஸ்வரி வலப்பக்க ஜன்னலோரத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். ரவாங் தாண்டுவதற்குள் யாழினி வாயைச் சற்றே திறந்தபடி தூங்கிப்போனார். தஞ்சோங் மாலிம் பக்கம் பாதை வளைந்தபோது வெயில் நேரே அவர் முகத்தில் விழுந்தது. வெளியே மலைத்தொடர் அப்போதுதான் பனியை விலக்கிக்கொண்டு தெரியத் தொடங்கியிருந்தது. ராஜேஸ்வரி எட்டி, ஜன்னல் திரையை முழுவதும் இழுத்து மூடினார்.