டிஸ்க் காலி என்று காட்டியபோது

அப்போது திருவொற்றியூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். டிவியில் வந்ததைப் பதிந்துகொண்டு வந்து காப்பி கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பயம். திருட்டு டிவிடி ரெய்டுக்கு முன்னால் போலீசார் இப்படித்தான் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள் என்று பேச்சு. பக்கத்துத் தெருக் கடைக்காரர் அப்படி மாட்டியிருந்தார்.

ஒரு நாள் காத்திவாக்கத்திலிருந்து தங்கம் என்ற பெண் வந்தார். முந்தானையில் சுற்றியிருந்த டிவிடியை நீட்டினார்.

“நியூஸ்ல வந்தது. ஒரு மூஞ்சிய மட்டும் நிறுத்தி போட்டோ எட்த்துக் குடுண்ணே.”

“யாரும்மா உன்ன அனுப்சது?”

“யாரு அனுப்பணும்? எங்க வூட்டுக்காரு மீன் புடிக்கப் போன போட்டு திரும்பல. முழுகிப்போச்சுன்னு சொல்லிகினு கீறாங்க. வெளிநாட்டு ஜெயில்ல கீற மீனவருங்கள நியூஸ்ல காட்னாங்க. அவர மாதிரி ஒருத்தர் தெரிஞ்சாரு. மறுபடி காட்னப்போ நாத்தனார் வூட்டு மெஷின்ல புடிச்சோம். மீன்துறை ஆபீஸ்ல படம் கேக்குறாங்க.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிரைவில் போட்டேன். டிஸ்க் காலி என்று காட்டியது.

“வூட்ல நல்லா ஓடிச்சே. இன்னா பண்ண நீ? அழிச்சிட்டியா?”

டிரே வெளியே வந்ததும் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டார். தான் கொடுத்ததுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டில் ஓடியது என்றாரே, அதுதான் எனக்கு உறைத்தது. டிவிடி ரெக்கார்டரில் பதிந்த டிஸ்க்கை அதே மெஷினில் ஃபைனலைஸ் செய்தால்தான், அதாவது பதிவை முடித்து மூடினால்தான், கம்ப்யூட்டர் படிக்கும். நடுவில் கரண்ட் போனால் உள்ளதும் போய்விடலாம். அதனால் கடை யுபிஎஸ்ஸை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அவர் நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

மெஷினை யுபிஎஸ்ஸில் மாட்டினேன். டிஸ்க்கைத் தங்கம் என் கையில் தரவில்லை.

“நீ தள்ளி நில்லு. எந்த பட்டன்னு சொல்லு, நா அமுக்குறேன்.”

சொன்னேன். அமுக்கினார். திரையில் கோடு நகர்ந்து முடியும்வரை அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பிப் போட்டதும் திறந்துகொண்டது. அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். மானிட்டருக்கு வெகு அருகே வந்து பார்த்தார்.

“இவரு இல்ல.”

ஃபைலை மூடப்போனேன்.

“இரு. பின்னால சுவத்துல சாஞ்சிகினு கீறாரே, அவரக் காட்டு.”

பெரிதாக்கினேன். தங்கம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“தேசப்பன். அவரும் அதே போட்டுல போனவரு.”

அப்படியானால் படகு முழுகவில்லை. இரண்டு பிரிண்ட் கேட்டார். ஒன்று ஆபீசுக்கு என்று தெரியும். இன்னொன்று எதற்கு என்றேன்.

“தேசப்பன் வூட்ல போட்டோவுக்கு மாலை போட்டுட்டாங்கண்ணே. மொதல்ல அங்க போறேன்.”

சில மாதம் கழித்துத் தங்கத்தின் கணவரும் தேசப்பனும் ஒன்றாக ஊர் வந்து சேர்ந்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வந்தவர்மேல் சந்தேகம் இருந்தால் இருக்கட்டும். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்குமுன் அதை எந்த மெஷினில் பதிந்தார் என்று கேட்டுவிடுங்கள்.