மாமாவின் பெயர்ப்பலகையை வாப்பா அணைத்த நாள்

எங்கள் வாப்பா மருதமுனையில் பிறந்தவர். தறிச் சத்தத்துக்குள் வளர்ந்து, தந்தையைச் சிறுவயதிலேயே இழந்து, கட்டாரில் கட்டடங்களுக்கு வயரிங் செய்து, தங்கைமாரைக் கரைசேர்த்த பிறகுதான் உம்மாவைக் கைப்பிடித்தார். ஊர் திரும்பியபின் கல்முனைக் கடைத்தெருவில் அவர் கைபடாத கடைகள் குறைவு. தொழுகையை விடாதவர், அதிர்ந்து பேசாதவர். வாப்பாவுக்கான இந்த நினைவுக் குறிப்பை இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும்படி குடும்பத்தில் சிலர் சொன்னார்கள். நான் நிறுத்துவதாக இல்லை. வாப்பாவைப் பொல்லாத பிடிவாதக்காரர் என்று வாய்கூசாமல் சொன்னவர்களும் இதை வாசிக்கப்போகிறார்கள். அவர்களுக்காகவே அந்த நோன்பு மாதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

உம்மாவின் மூத்த சகோதரரான பெரிய மாமாவின் புடவைக்கடையில், பெருநாள் வியாபாரம் சூடுபிடித்த நேரம் பார்த்து, தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்கான பாங்கை ஒட்டி ட்ரிப் சுவிட்ச் விழுந்து கடையே இருண்டது. மாமா முதலில் கண்ணூறு என்றார். பிறகு சுவிட்ச் மலிவுச் சாமான் என்றார். கடைசியில்தான் வாப்பாவைக் கூப்பிட்டார்.

வாப்பா எல்லாப் பிரேக்கர்களையும் இறக்கி, ட்ரிப் சுவிட்சை ஏற்றி, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிப் பார்த்தார். எதுவும் விழவில்லை.

"பாத்தியா, சுவிட்ச்தான் பழுது" என்றார் மாமா.

வாப்பா வீட்டுக்குப் போகாமல் கடைவாசலில் கதிரை போட்டு அமர்ந்தார். அஸருக்குச் சற்று முன், விற்பனைக்கு நிற்கும் பெண்பிள்ளைகள் தூசு அடங்க வாசலையும் முகப்பையும் குழாயால் நனைத்தார்கள். பாங்கு கேட்டதும், தொழுகைக்காக ஷட்டரைப் பாதி இறக்க ஈரக்காலோடு ஓடினார்கள். அந்நேரம் சுவிட்ச் விழுந்தது. வாப்பா முகப்பிலிருந்த மின்விளக்குப் பெயர்ப்பலகைக்குரிய பிரேக்கரை மட்டும் இறக்கிவிட்டுச் சுவிட்சை ஏற்றினார். அது நின்றது.

"உப்புக்காத்துல நேம்போட் வயர் அரிச்சிரிக்கி மச்சான். தண்ணி பட்டா கரண்ட் இரும்புச் சட்டத்தால ஷட்டருக்கும் வருது. போன கரண்ட் முழுக்கத் திரும்பி வராட்டித்தான் இந்தச் சுவிட்ச் விழும். இந்தப் புள்ளையளிட உசிரக் காக்கத்தான் விழுகுது. அரைநாள் கடையப் பூட்டுங்க, வயர மாத்தித் தாறன்."

"பெருநாள் நேரம் கடையப் பூட்டுறதா? சுவிட்சக் கழட்டிப்போட்டு நேராக் குடு. மறுகா பாப்பம்."

"ஏலா."

"கடை என்ட கடை!"

"ஓம், கடை உங்கட. புள்ளையள் உங்கட இல்ல."

வாப்பா பலகையின் இணைப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மாமா அன்றிரவே வேறொருவரைப் பிடித்து, ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுத்துப் பலகையை எரியவிட்டார். தெருவால் வந்த வாப்பாவின் கண்ணில் அது பட்டது. மறுநாள் காலை, கடை திறக்குமுன் அவர் போய் அந்தப் பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். கடை திறக்க மாமா வந்ததும், பெரியநீலாவணையிலிருந்து வரும் பிள்ளைதான் முதலில் வாய் திறந்தது.

"முதலாளி, அதச் சரிப்படுத்தாம நாங்க ஷட்டர்ல கை வைக்கமாட்டம்."

மற்றவர்களும் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். வாப்பாவும் கூடவே நின்றார். சனம் கூடிப் பார்த்தது. அன்று கடை அரைநாள் பூட்டிக் கிடந்தது, வயர் மாறியது, சுவிட்சும் பழைய இடத்துக்கு வந்தது. அந்த வேலைகூட வாப்பாவுக்குக் கொடுக்கப்படவில்லை. மாமாவின் கூட்டாளிமாரும் அவரைக் கூப்பிடுவதை விட்டார்கள். கடைத்தெருவை விட்டு, வாப்பா சொறிக்கல்முனைப் பக்கம் அரிசி ஆலைகளில் வேலை தேடிச் சைக்கிள் மிதித்தார். ஒருவரும் சாகவில்லையே, எதற்கு அந்த ஆர்ப்பாட்டம் என்று இன்றும் கேட்கிறார்கள். ஒருவரும் சாகாததற்கு நாங்கள் வெட்கப்பட வேண்டுமா?

கடைசி மாதங்களில் மூச்சிரைப்பு அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டது. வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கபுறுக்குழி தோண்டிய சகோதரர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்குமுன், மௌத்தானவரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி பிள்ளைகள் சபையில் கேட்பது எங்கள் வழக்கம். தம்பி கேட்டான். இங்கும் கேட்கிறோம். வாப்பா யாரையும் சொல்லால் நோகடித்திருந்தாலோ, வருவதாகச் சொல்லி வராமல் அலைக்கழித்திருந்தாலோ, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பாவுக்காகக் குர்ஆன் ஓதிய கத்தத்துக்கு வந்த பெரிய மாமா, "கடை விசயத்துக்கும் சேத்து ஒரு வரி எழுது மகள்" என்றார். மாமா, உங்கள் மடியில் வளர்ந்தவள் நான். என் மரியாதை குறையாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்ததற்காக, என் வாப்பாவின் பெயரில் நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

– மூத்த மகள்