செத்த மீன் ஆடிய நூடுல்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் என் மகள் குசினிக்குள் புகுந்துகொண்டாள். யாகிசோபா செய்யப் போகிறாளாம். ஜப்பான்காரர்கள் வறுத்துச் சாப்பிடும் நூடுல்ஸ். அவளுடைய காயல்பட்டினத்துத் தோழியின் வாப்பா வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். அங்கே வாங்கிய பாக்கெட்டுகள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் காலாவதித் தேதியைத் தேடினேன். எனக்குப் புத்தி அப்படி. காய்ச்சின பாலையும் மோந்து பார்த்துத்தான் ஊற்றுவேன். ஆட்டோக்காரர் குறுக்கு வழி என்று வண்டியைத் திருப்பினால் முத்தையாபுரத்தில் எங்கள் வீடு வந்து சேரும்வரை கம்பியை விடமாட்டேன். எல்லாம் என் அம்மா போட்ட சீதனம். நகைகூட அவ்வளவு போடவில்லை.

மகள் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கிழித்தாள். உள்ளே மரம் இழைத்த சுருள் போல ஏதோ இருந்தது. வாசனை வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாசி! சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை போலக் காயவைத்து மாலத்தீவிலிருந்து வருமே, அந்த மாசிக் கருவாடு.

"ஏளா, இதுக்குள்ள மாசிய எவன் போட்டான்? கடக்காரன் ஏமாத்திட்டானா?"

"எம்மா, அது ஜப்பான் மீனு. அவங்க நூடுல்ஸ் மேல இதத்தான் தூவுவாங்க. பாக்கெட்லயே போட்டிருக்கு, பாரு."

பார்த்தேன். இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் அப்பா கப்பல்காரர். பெரிய கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. அவர் ஊருக்கு வந்தால் தெருவே வெளிநாட்டுச் சோப்பு மணக்கும். அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சோப்பும் மிட்டாயும் கொடுத்து முடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பாள். கப்பல்காரர் பெண்டாட்டிகள் நிறையப் பேர் இதைச் செய்வார்களாயிருக்கும். என் அம்மா அப்பாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டே செய்வாள்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு தடவை ஜப்பான் போய்விட்டு வந்தார். அங்கே துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்னக் கடையாம். இரும்புக் கல்லில் நூடுல்ஸ் வறுத்துக் கொடுத்தார்களாம். அந்த ஊர்ப் பெயரையும் சொன்னார். "மேல காஞ்ச மீன சீவிப் போடுவான். சூடு பட்டதும் அது ஆடும்ளா! உசுரு இருக்க மாதிரி நெளியும்." அம்மா, "செத்த மீன் ஆடுமாக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சில வருடங்கள் கழித்து வந்தபோது ஆளே வேறாக இருந்தார். சோப்பு இல்லை, மிட்டாய் இல்லை. பெட்டி நிறையப் புரியாத எழுத்துப் போட்ட நூடுல்ஸ் பாக்கெட்டுகள். "இந்தத் தடவையும் ஜப்பான் லைன்தான்" என்றார். அதோடு விட்டிருந்தால் தேவலை. மறுநாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குசினிக்குள் போனார். வெந்நீர் போடக்கூடத் தெரியாத மனுஷன்!

முட்டைக்கோஸை நூல் நூலாக அரிந்தார். இறாலை உரித்துக் குடல் எடுத்தார். நூடுல்ஸை நாம் செய்வது போலத் தண்ணீரில் மிதக்கவிடவில்லை. நனைகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, அரைவேக்காட்டில் பிரித்தெடுத்து ஆறவைத்தார். சட்டி புகையக் காய்ந்ததும் எண்ணெய், இறால், கோஸ், அதற்கு மேல் நூடுல்ஸ். ஓரம் மொறுமொறுத்த பிறகுதான் பாக்கெட்டில் இருந்த தூளும் ஒரு சிட்டிகைச் சீனியும். "தூள மொதல்லயே போட்டா கரிஞ்சு கசந்துரும்ளா" என்று எனக்குச் சொன்னார். சமைக்கும்போது காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, சட்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தார், அடுப்பு எங்கேயோ ஓடிவிடும் என்பதுபோல. கடைசியில் சட்டியையும் தேய்த்துக் கவிழ்த்தார்.

அம்மா நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ சொல்லிக் குடுத்தா?"

"கப்பல்ல பாத்துப் பழகினதுதான்."

"எஞ்சின் ரூம்லயா கோஸ் அரியுதாவ?"

அப்பா தட்டை அவளிடம் நீட்டினார். அம்மா அந்த நூடுல்ஸைத் தொடவே இல்லை. அந்த வாரம் என்னை மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், முழந்தாளிட்டு அழுதாள். "ஒங்கப்பாவுக்கு அங்கன ஒரு குடும்பம் இருக்குளா" என்றாள். வீட்டுக்கு வந்து நானும் திருட்டுத்தனமாக அப்பாவின் சட்டையை மோந்து பார்த்தேன். டீசல் நாற்றம்தான் அடித்தது. ஜப்பான்காரி டீசல் பூசிக்கொள்வாளா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். என் துப்பறியும் திறமை அவ்வளவுதான்.

அம்மாவைச் சமாதானப்படுத்த அப்பா மறுபடியும் அதையே சமைத்தார். இந்தத் தடவை பெட்டியின் அடியிலிருந்து பழந்துணியில் சுற்றிய கட்டை ஒன்றை எடுத்து, கத்தியால் சீவித் தூவினார். "ஜப்பான்ல இப்படித்தான் போடுவான். சாப்பிட்டுப் பாரு."

அம்மா கட்டையைப் பிடுங்கி மோந்தாள். அவளுடைய அப்பா மாலத்தீவுக்குத் தோணியில் போய்வந்தவர்.

"இது மாசி. எங்கய்யா தோணியில கொண்டாந்தது, நான் பொறந்ததுலேருந்து மோந்த வாசன. ஜப்பான்காரன் மாசி திங்கானா? யாருகிட்ட கத சொல்லுதீய?"

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். அம்மாவைப் பார்க்காமலேயே சொன்னார்: "கண்ணு டெஸ்ட்ல தள்ளிட்டானுவ. இனி பெரிய கப்பல்ல எடுக்க மாட்டான். மங்களூர்லேருந்து மாலத்தீவு போற தோணியில பண்டாரியா இருக்கேன். பாக்கெட்டெல்லாம் அங்கன வாங்கினது."

பண்டாரி என்றால் தோணியில் எல்லோருக்கும் சமைக்கிறவர். அலையில் ஆடும் அடுப்பில் சட்டியைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கை அது.

"எங்கிட்ட சொன்னா என்ன?" என்றாள் அம்மா.

"கப்பல்காரன்னுதான் ஒங்கய்யா ஒன்னக் கட்டிக் குடுத்தாரு. எந்த மூஞ்சிய வெச்சுச் சொல்லுவேன்?"

"அப்ப பொம்பள யாரும் இல்ல?"

"அந்தோணியார் மேல சத்தியமா இல்ல."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மூன்று பேருக்கும் தட்டு வைத்தாள். தெருவில் கடைசிவரை "ஜப்பான்லேருந்து வந்திருக்காவ" என்றுதான் சொன்னாள். வெளியே அவர் மானத்தைக் காப்பாற்றினாள், வீட்டுக்குள் அவரைச் சும்மா விடவில்லை. "அதுக்கு முந்தி ஒரு தடவ நெசமாவே போனேன்ளா, மீனு ஆடிச்சு" என்று அப்பா எத்தனையோ தடவை சொன்னார். "மாசிய வெச்சே பிடிச்சுட்டேன், இன்னும் எதுக்குப் புளுகுதீய?" என்பாள். பிறகு எங்கள் வீட்டில் யார் புளுகினாலும் அது 'செத்த மீன் ஆடின கதை'தான். கேபிள்காரர் நாளைக்கு வருகிறேன் என்றாலும் அதுதான். அப்பாவும் கூடவே சிரிப்பார். நாளாக ஆக ஜப்பான் பேச்சையே விட்டுவிட்டார். இப்போது அவர் இல்லை.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். மகள் பாட்டியின் முன்னால் தட்டை வைத்து, அந்தச் சீவலை அள்ளித் தூவினாள். ஆவி பட்டதும் அது எழுந்தது, வளைந்தது, நெளிந்து நெளிந்து ஆடியது.

அம்மா பின்னால் சாய்ந்துவிட்டாள். "உசுரோட இருக்குளா!"

"ஜப்பான்காரங்க போடுற மீனும்மா. மாசி மாதிரியேதான்" என்றேன். பாவம் அப்பா.

அம்மா குனிந்து மோந்தாள். ஆட்டம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப நெசமாவே போயிருக்காவ" என்றாள். என் பக்கம் திரும்பி, "அந்தக் கட இருந்த ஊரு பேரு ஒண்ணு சொல்லுவாவளே, அது என்னதுளா?"

எனக்கு நினைவில்லை. எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், ஒரு தடவையாவது காதில் வாங்கியிருந்தால்தானே! மகள் செல்போனை எடுத்து ஜப்பான் துறைமுகங்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தாள். அம்மா தட்டைத் தொடாமல் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது இல்ல" என்றாள். "இன்னொண்ணு சொல்லு."