செல்வராஜ் அண்ணன் போட்ட இரைச்சல்

போன வாரம் காலையில் அச்சகத்து ஃபோர்மேன் போன் செய்து, "செல்வராஜ் அண்ணன் போயிட்டாருத்தா" என்றார். "எந்தக் கம்பெனியில?" என்றேன். பட்டாசு விபத்துக்குப் பேர்போன தாயில்பட்டியில் பிறந்தவளுக்கு வேறென்ன கேட்க வரும்? "கம்பெனியில இல்ல. வீட்லதான், தூக்கத்துலயே." "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அண்ணனைத் தெரிந்து இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

அச்சு மிஷின் மெக்கானிக்காகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய பேப்பர் குடோனில் அவர் செய்த கூத்து தெரியாது. மிஷின் உறுமலையும் தகரம் கிழிபடுவதையும் பதிவுசெய்து, கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் காது கிழியப் போடுவார். ராகம், தாளம் ஒன்றும் கிடையாது. 'நாய்ஸ் மியூசிக்' என்று பேராம், வெளிநாட்டில் காசு கொடுத்துக் கேட்கிறார்களாம். "கிறுக்குப் பிடிச்ச மனுசன்" என்பார் அவர் மனைவி.

நான் பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து அறை வெடித்தபோது ஓடிப் பிழைத்தவள். அப்புறம்தான் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்கு வந்தேன். குக்கர் விசிலடித்தால் தெருவுக்கு ஓடுவேன். ஊர்வலத்தில் வெடி போடுவார்களே என்று சொந்த அக்கா எழவுக்கே போகவில்லை. ஊர் காறித் துப்பியது. இதைக் கேட்டதும் அண்ணன், "ஒரு தடவ குடோனுக்கு வாத்தா" என்றார்.

போனேன். பழக்கதோஷம், செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலைப் பார்த்து, ஓடத் தோதாக உட்கார்ந்தேன். கம்பெனியில் வெடிமருந்து அறையில் அப்படித்தான் உட்காருவோம். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பின்கதவையும் திறந்துவிட்டு வந்தார். வால்யூம் குமிழை என் பக்கம் நகர்த்தினார்.

"அந்த வெடி ஒன்னையக் கேட்டுட்டா வந்துச்சு? இது நீ கூட்டுனாத்தான் கூடும்."

முதல் நாள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ரெண்டு மூன்று மாதம் கழித்து ஒருநாள் குமிழை முழுக்கத் திருப்பினேன். பல்லெல்லாம் அதிர்ந்தது. எதையும் நினைக்க மண்டைக்குள் இடமே இல்லை. அம்மாடி, எத்தனை வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு நிம்மதி!

"இதுல பாட்டு எங்கனண்ணே இருக்கு?"

"பாட்டு கெடக்குது கழுத! ஒனக்கு லேசா இருக்கா, இல்லையா?"

இருந்தது.

அண்ணனை எடுக்கும்போது தெருவில் சரவெடியை விரித்தார்கள். அவர் மகன் ஓடிவந்து, "அத்தே, நீங்க உள்ள போயிருங்க. இல்ல, வேண்டாம்னு சொல்லிரட்டுமா?" என்றான். "போடுங்கய்யா, அம்புட்டையும் போடுங்க" என்றேன். சரவெடி படபடத்தது. ஆனாலும் பாடைக்குப் பின்னால் தெருமுனை வரை நடந்து, அவர் முகத்தைப் பார்த்து, சத்தம் போட்டு அழுதேன். அக்காவுக்கும் சேர்த்து அழுதேன். அண்ணனால் எனக்குக் கிடைத்தது அந்த அழுகை.