வடமேற்கே திரும்பிய காம்பஸ்

நிலம் அளக்கிறவனுக்குச் சோறு போடுவது காம்பஸ் முள். பக்கத்தில் துளி இரும்பு இருந்தால் போதும், அவன் மானத்தை வாங்குவதும் அதுதான். எண்பதுகளில் தாம்பரம் பக்கம் மூணுகால் ஸ்டாண்டோடு அலைந்தவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள். எனக்குக் கூடுதலாக ஒரு பாடு. என் மனைவி ஜெயசீலி மஸ்கட்டில் நர்ஸ். சொந்தமாக ஒரு வீடு அமைந்ததும் வந்துவிடுகிறேன் என்று போனவள்.

இடுப்புச் சாவி

கீழ்க்கட்டளையில் ஒரு பெரியவரின் வயலை மனை பிரிக்கிற வேலை. அவர் குனிந்து காம்பஸை எட்டிப் பார்த்தார். முள் அவர் பக்கமே திரும்பியது. பார்த்தால், இடுப்பில் இரும்புச் சாவிக்கொத்து. கழற்றித் தூர வையுங்கள் என்றேன். மனுஷர் கேட்டால்தானே! சுற்றி நின்றவர்களைப் பெருமையாகப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தியா, இது யார் நெலம்னு அந்த முள்ளுக்கே தெரிஞ்சிகீது."

வேலிக்கு அந்தாண்ட

திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு மத்தியானம். எல்லைக்கல்லைப் பார்க்க வேண்டிய நான், காம்பஸை வடமேற்கே திருப்பிக் கண்ணை வைத்தபடி நின்றுவிட்டேன். மஸ்கட் அந்தத் திசையில்தான். தெரிந்ததென்னவோ மலையும் நாலு பனைமரமும். தினமும் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் பார்க்காவிட்டால் எனக்கு வேலை ஓடாது. அளவுச் சங்கிலி பிடிக்கிற எத்திராஜ் வெயிலில் பொறுத்துப் பார்த்தார்.

"சார், நம்ம நெலம் இந்தாண்ட கீது. அந்தாண்ட இன்னாத்த பாத்துகினே கீற?"

வாயு மூலை

மறைமலை நகரில் ஒரு தம்பதிக்கு வீட்டு மூலைகளைக் குறித்துக் கொடுத்தேன். வடமேற்கில் படுக்கையறை போட்டால் காற்று வரும் என்றேன். அந்தம்மா பதறிப்போனார்.

"ஐயோ வேணாம் சார், வாயு மூலையில படுக்கிறவங்க வீட்ல தங்க மாட்டாங்க."

நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் வாடகை வீட்டுக்கு வந்ததும் காம்பஸை வைத்துப் பார்த்து, வடமேற்கு மூலையில் கிடந்த ஜெயசீலியின் கட்டிலை இழுத்து மாற்றிப் போட்டேன்.

ஹேர்பின்

தொண்ணூறுகளில் ஒருவழியாக எங்களுக்கும் ஒரு மனை அமைந்தது. லீவில் வந்திருந்த ஜெயசீலியோடு வாசலுக்குத் திசை குறிக்கப் போனேன். அவளும் ஆசையாகக் காம்பஸ் மேல் குனிந்தாள். முள் விலகியது, தலை நிறைய ஹேர்பின். "கொஞ்சம் தள்ளி நில்லு" என்றேன், எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவள் நகரவில்லை. கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷம் நின்னது போதாதாங்க? இன்னும் எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்?"

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முள் காட்டியதைக் குறித்தேன். ஊருக்கெல்லாம் நேராக வாசல் வைத்துக் கொடுத்தவன் வீட்டு வாசல் மட்டும் கோணலாகப் போனது, அந்தக் கோணல் வாசலில் நின்றுதான், வீட்டுக் கடனை அடைக்க அவளை இன்னும் ரெண்டு தடவை மஸ்கட்டுக்கு வழியனுப்பினேன்.